மாஸ்டருக்குத் தெரியாமல் இறங்கிய சுருதி

என் சித்திக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அம்மா, "அவ கச்சேரிக்குப் போறா" என்பாள். அப்பா, "பெட்டி வாசிக்கிறாங்க" என்பார். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை, "வேன்லயே போய்க்கிட்டு இருப்பாங்களே, அவங்கதானே?" என்று கேட்டாள். மூன்றும் சரிதான். மூன்றும் போதாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சித்தி கீபோர்டு வாசிப்பவள். முப்பது வருடமாக ஒரே குழு. அதில் மொத்தம் நான்கு பேர். பாடுகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், அறுபதைத் தாண்டியவர். டிரம்ஸ் அடிப்பவருக்கு இடி என்று பட்டப்பெயர். அவர் பேசினாலும் அப்படித்தான் இருக்கும். பேஸ் கிட்டார் வாசிப்பவர் தூண். மேடையில் ஓரிடத்தில் நின்றால் கடைசிப் பாட்டு முடியும் வரை அசையமாட்டார். வாயும் லேசில் அசையாது.

இந்தக் கதையைச் சித்தியும் சொன்னாள், இடியும் சொன்னார், தூணும் சொன்னார். இடி சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டேன். தூண் சொன்னது மொத்தமே நாலு வரி. அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

சித்தி இந்த வேலைக்கு வந்ததே ஒரு கடையிலிருந்துதான். வாத்தியங்கள் விற்கும் கடையில் அவளுக்கு விற்பனைப் பெண் வேலை. கீபோர்டு வாங்க வருகிறவர்களுக்கு எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன சத்தம் வரும் என்று வாசித்துக் காட்டவேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் தனக்காகவும் வாசிப்பாள். அப்படி வாசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மைக் ஒயர் வாங்க மாஸ்டர் வந்தார். ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டாராம்.

"இந்தப் பெட்டிய வாங்கினா பொண்ணும் கூட வருமா?" என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார்.

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் சித்தி, "வேன்ல ஜன்னல் சீட்டு தருவீங்களா? அதச் சொல்லுங்க முதல்ல" என்றாள்.

அந்த ஜன்னல் சீட்டு இன்றுவரை அவளுடையதுதான். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போகும் குழுக்களில் வாத்தியம் வாசிக்கப் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். பாட வைப்பார்கள், வாசிக்க வைக்க யோசிப்பார்கள். மாஸ்டர் யோசிக்கவில்லை. எங்காவது ஏற்பாட்டாளர்கள் முகம் சுளித்தால், "அவ இருந்தா நான் பாடுவேன். இல்லன்னா நீங்களே பாடிக்குங்க" என்பார். இரண்டு இடங்களில் உண்மையிலேயே மைக்கை வைத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்திருக்கிறார். சித்திக்கு இப்போது வயது ஐம்பத்து மூன்று. இன்னும் அவளைப் "பொண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார்.

கச்சேரி என்றால் மேடையில் இருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் என்று நாம் நினைக்கிறோம். சித்தியைக் கேட்டால் அது வேலையில் கால் பங்குதான் என்பாள். மீதி முக்கால் பங்கு தூக்குவது, காத்திருப்பது, மறுபடி தூக்குவது. எந்த ஊருக்குப் போனாலும் வேனை விட்டு இறங்கியதும் மூன்று கேள்வி கேட்பாள். பிளக் எங்கே? பாத்ரூம் எங்கே? பின்வாசல் எங்கே? மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். கீபோர்டுக்கு உள்ள உறையைவிடத் தன் முதுகுக்கு உள்ள தலையணையைப் பத்திரமாகக் கொண்டுபோவாள். மேடைக்குப் போகும் முன் வெறும் ரொட்டியும் வாழைப்பழமும்தான். வயிறு நிறைந்தால் விரல் தூங்கிவிடும் என்பது அவள் கட்சி.

சித்தப்பா பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க யாருக்கோ பொருந்த வேண்டிய பற்களைத் தேய்த்துக்கொண்டிருப்பார். "நாங்க ரெண்டு பேருமே பல்வரிசையிலதான் பொழப்பு ஓட்டறோம். என்னோடது கடிக்கும், அவளோடது பாடும்" என்பார். அவள் ஊரில் இல்லாத நாட்களில் தானே சமைத்து, தானே குறை சொல்லி, தானே சாப்பிட்டுவிடுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு மாஸ்டரின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். சித்தி எப்போதும் அவருக்கு இடதுகைப் பக்கம்தான் உட்காருவாள். ஒவ்வொரு பாட்டு தொடங்கும் முன்னும் அவர் கையை நீட்டி, கீபோர்டில் அந்தப் பாட்டு தொடங்கும் கட்டையைத் தன் ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு தொண்டைக்குள் ஒருமுறை முனகுவார். பிறகுதான் பாட்டு. எந்தப் பாட்டுக்கு எந்தக் கட்டை என்பது அவர் விரலுக்கு மனப்பாடம். இருட்டிலும் சரியாகத் தட்டுவார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி விழா. மாஸ்டருக்குக் கடுமையான சளி. உச்சத்துக்குப் போகும் பாட்டுகள் வரிசையாக இருந்தன. "சுருதிய ஒரு கட்டை இறக்கிக்கலாமா மாஸ்டர்?" என்று சித்தி கேட்டாள். அவர் முறைத்த முறைப்பில் பேச்சு அதோடு நின்றது. "இருவத்தஞ்சு வயசுல பாடின சுருதியிலதான் இன்னைக்கும் பாடறேன்" என்பது அவர் பெருமை. இளம் பாடகர்கள் யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை ஒரு தடவை அழுத்தினால் எல்லாக் கட்டைகளும் ஒரு படி தாழ்ந்த சத்தம் கொடுக்கும். வாசிப்பவர் எப்போதும் வைக்கும் இடத்திலேயே விரலை வைக்கலாம். காதில் விழுவதுதான் வேறு. சித்தி அன்று யாருக்கும் தெரியாமல் அதை ஒரு தடவை அழுத்தினாள். தூணிடம் மட்டும் கண்ணைக் காட்டினாள். அவர் தலையசைத்துவிட்டு கிட்டாரில் விரலை ஒரு கட்டம் நகர்த்திக்கொண்டார். மாஸ்டர் கையை நீட்டி, வழக்கமான கட்டையைத் தட்டி, வந்த சத்தத்தை வாங்கிக்கொண்டு பாடினார். மேடையை விட்டு இறங்கும்போது முகம் பூத்திருந்தது.

"பாத்தியா பொண்ணே? சளியாவது ஒண்ணாவது! தொண்டை அப்படியே திறந்துடுச்சு."

சளி போனதும் பொத்தானைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று சித்தி நினைத்தாள். சளி போனது. பொத்தான் போகவில்லை. அவர் அவ்வளவு சுகமாகப் பாடும்போது எப்படி ஏற்றுவது? இரண்டு வருடம் கழித்து இன்னொரு அழுத்தல். பிறகு இன்னொன்று. போன வருடம் நாலாவது. குழுவில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரைத் தவிர.

ஒரே ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். ஒரு கல்லூரி விழாவில் மேடையில் கரண்ட் போய் வந்தது. கீபோர்டு அணைந்து எரிந்தால் அந்தப் பொத்தான் தானாகப் பழைய நிலைக்குப் போய்விடும். பதற்றத்தில் சித்தி அதை மறந்துவிட்டாள். மாஸ்டர் தட்டினார், வாங்கினார், பாடினார். நடுவரியில் குரல் கிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டது. தூண் மட்டும் பழைய பழக்கத்தில் நாலு படி கீழே வாசித்துக்கொண்டிருந்தார். அது என்ன பாட்டு என்றே யாருக்கும் புரிந்திருக்காது. இடி சமயோசிதமாக டிரம்ஸை உடைக்கிற மாதிரி அடித்து அந்த இடத்தைக் கடத்திவிட்டார். இறங்கியதும் மாஸ்டர், ஐஸ் தண்ணீர் கொடுத்துவிட்டான் என்று ஒரு பையனைத் திட்டினார். பாவம், அவன் கொடுத்தது வெந்நீர்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் வாராவாரம் வாசித்துவந்த உணவகம் கைமாறியது. புது முதலாளி அந்தக் கூடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார். நாலு மாதம் வேலை அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. இடியின் மச்சான் டயர் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தூண் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. அந்த நேரத்தில் ஓர் ஓட்டல் நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்தது. அவர்களுக்குப் பல ஊர்களில் ஓட்டல்கள். வார இறுதிகளில் ஒவ்வொன்றாகப் போய் வாசிக்க ஒரு குழு தேவை. முதலில் ஒரு நாள் மாலை வாசித்துக் காட்டவேண்டும், பிடித்தால் ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிவதைத் தவிர வழியில்லை என்று நால்வருக்கும் தெரியும். ஐம்பத்து மூன்று வயதில் தன்னை இன்னொரு குழு சேர்த்துக்கொள்ளாது என்று சித்திக்குத் தெரியும்.

காலையிலேயே போய்விட்டார்கள். ஓட்டல் மேலாளர் ஒரு பெண்மணி. கையில் எப்போதும் சாவிக்கொத்து, பேச்சில் எப்போதும் அவசரம். சித்தி தன் மூன்று கேள்விகளையும் கேட்டாள். அந்தம்மா இரண்டுக்குப் பதில் சொல்லிவிட்டு, "பிளக் எதுக்கு?" என்றார்.

"கீபோர்டுக்கு மேடம்."

"கீபோர்டா? அதெல்லாம் வேண்டாம். இங்க வாங்க."

கூடத்தின் கோடியில் இருந்த மேடையில் கறுப்பாக, பளபளவென்று ஒரு பெரிய பியானோ நின்றது. மேடையில் முக்கால்வாசி அதுதான்.

"முதலாளி ஆசப்பட்டு வாங்கினது. வாசிக்க ஆளில்லாம பூச்சாடி வைக்கத்தான் ஆகுது. போன வாரம்தான் ஆள் வந்து சுருதியெல்லாம் சரி பண்ணிட்டுப் போனாங்க. இதை வாசிக்கிற குழுதான் வேணும்னு கண்டிப்பா சொல்லிட்டார்."

மாஸ்டர் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. "பொண்ணே, இதுலயா வாசிக்கப் போற! என் குரலுக்கு இதுதான் மரியாதை!" என்று ஒரு கட்டையைத் தட்டப் போனார். சித்தி பாய்ந்து மூடியைச் சாத்தினாள். "தூசி மாஸ்டர், தொடைச்சிட்டுத் தரேன்" என்றாள். அதில் தூசி ஒரு பொட்டுகூட இல்லை. மாஸ்டர் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.

பியானோவில் பொத்தான் கிடையாது. இருப்பது இருக்கிற சத்தம்தான். மாஸ்டர் கையை நீட்டி வழக்கமான கட்டையைத் தட்டினால் இருபத்தைந்து வயதுச் சுருதி வரும். அதை வாங்கிக்கொண்டு பாடினால் குரல் கிழியும், ஒப்பந்தம் போகும். சித்தி கையை நாலு கட்டை இடப்பக்கம் தள்ளி வைத்து வாசித்தால் குரல் பிழைக்கும். ஆனால் அவர் தட்டுவது ஒன்றாகவும் அவள் வாசிப்பது வேறாகவும் இருக்கும். கூட்டத்துக்கு நடுவில், மைக் முன்னால், அந்த நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்துபோகும்.

சமையலறைக்குப் பின்னால், காய்கறிக் கூடைகள் அடுக்கிய இடத்தில் மூவரும் கூடினார்கள்.

"பியானோ சுருதி தப்பா இருக்குன்னு அடிச்சு விடு அக்கா" என்றார் இடி.

"போன வாரம்தான் சரி பண்ணாங்கன்னு அந்தம்மா மாஸ்டர் காதுபடச் சொல்லுச்சு."

"அப்ப நான் மயங்கி விழுந்துடறேன்."

"எத்தனை பாட்டுக்கு விழுவே?"

"தேவைப்பட்டா ஒவ்வொரு பாட்டுக்கும் விழறேன். டயர் கடைக்குப் போறதுக்கு அது மேல்."

சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. தூணைப் பார்த்தாள். அவர் ஒரு கூடையிலிருந்து கீழே விழுந்திருந்த தக்காளியை எடுத்துத் திரும்ப அதற்குள் வைத்துவிட்டு, "சொல்லிடு" என்றார்.

"அவர் மனசு உடைஞ்சு போயிட்டா?"

"மேடையில உடையறதுக்கு இங்கயே உடையட்டும்."

அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று இடி சத்தியம் செய்கிறார்.

குழுவுக்கு ஒதுக்கிய அறை, நாற்காலிகளும் மேஜைவிரிப்புகளும் அடுக்கி வைக்கும் அறை. மாஸ்டர் அங்கே ஒரு மேஜையில் போர்வையை விரித்து, காலர் மடிப்பை நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேடைச் சட்டையை அவர் யார் கையிலும் கொடுக்கமாட்டார். சித்தி கதவைச் சாத்திவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சளி, முதல் அழுத்தல், நாலாவது அழுத்தல், கல்லூரி. பாதியில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னாளாம்.

மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எத்தனை வருஷம்?"

"ஆறு."

"தூணுக்கு?"

"தெரியும்."

"அந்த ஓட்டை வாய்க்கும் தெரியுமா? இடிக்கு?"

"தெரியும்."

"ஆறு வருஷம் அவன் வாய மூடிக்கிட்டு இருந்தானா?" இதுதான் அவருக்கு முதலில் நம்ப முடியாததாக இருந்தது. பிறகு மெதுவாக, "அப்ப ஆறு வருஷமா ஜனங்க கை தட்டினது எதுக்கு?" என்றார்.

"பாட்டுக்கு மாஸ்டர். சுருதிக்கு யாரு கை தட்டறாங்க?"

"ஊர்ல இருக்கிற பையன்ககிட்டயெல்லாம் பீத்திக்கிட்டு இருந்தேனே. நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்தே!"

மாஸ்டர் சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டார். "வா" என்றார்.

கூடம் காலியாக இருந்தது. ஒருவர் மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் பியானோவின் மூடியைத் தானே திறந்து, வழக்கமான கட்டையைத் தட்டினார். சத்தம் கூடம் முழுக்க நின்றது. அதை வாங்கிக்கொண்டு பாடத் தொடங்கினார். சித்தி வாசித்தாள். முதல் இரண்டு வரி நன்றாகவே போனது. மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை, வேறு பாட்டுக்குப் போனார், வேறு கட்டையைத் தட்டினார். அதுவும் அதே மாதிரி உடைந்தது. மூன்றாவதாக ஒன்று. மேஜை துடைப்பவர் துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெளியே நீச்சல் குளம். கழுவுவதற்காகத் தண்ணீரை இறைத்துவிட்டிருந்தார்கள். வெயிலில் அந்தக் காலிக் குளத்தைச் சுற்றி அவர் நடப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்த ஆள் ஏதோ கேட்டார். மாஸ்டர் நின்று ஏதோ பதில் சொன்னார். திரும்பவும் நடந்தார்.

"வேன் சாவி யாருகிட்ட இருக்கு?" என்று, பாட்டுச் சத்தம் கேட்டுத் தூணோடு உள்ளே வந்திருந்த இடி மெதுவாகக் கேட்டார்.

"என்கிட்ட" என்றாள் சித்தி. அவர் ஒரு காலத்தில் வேனில் போய் உட்கார்ந்தது அவளுக்காக. இன்று அவளால் போய் உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்தாள். பியானோ முன்னால் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை.

மாஸ்டர் உள்ளே வந்தபோது செருப்பெல்லாம் ஈரம். பளபளத்த தரையில் தடம் விழுந்தது. நேராகப் பியானோ பக்கத்தில் வந்து நின்றார்.

"நாலோட ஏன் நின்னே?" என்றார்.

சித்திக்குப் புரியவில்லை.

"நாலு படிதானே இறக்கினே? போன ஒரு வருஷமா எனக்கு மேல் வரியில கழுத்து நரம்பு வலிக்குது. பாடி முடிச்சதும் தண்ணி முழுங்க முடியல. வயசுன்னு நெனச்சு யாருகிட்டயும் சொல்லல. நீ இன்னும் இறக்கியிருக்கணும்."

"உங்களுக்குத் தெரிஞ்சிடுமோன்னு..."

"இப்ப தெரிஞ்சிடுச்சில்ல? போ கீழ."

"எவ்வளவு மாஸ்டர்?"

"அது எனக்கென்ன தெரியும்? நீ போய்க்கிட்டே இரு. நான் நில்லுன்னு சொல்றேன்."

சித்தி முதல் பாட்டின் முதல் வரியை நாலு படி கீழே வாசித்தாள். அவர் பாடினார். "போ." ஐந்து. "போ." ஆறு. ஆறில் பாடும்போது நடுவரியில் சட்டென்று கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மேலே ஏறும் இடம் வந்தது. சிரமமே இல்லாமல் ஏறினார். கீழே இறங்கும் இடம் வந்தது. அங்கே இதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரல் இருந்தது. கனமான கதவுக்கு எண்ணெய் போட்டுத் திறந்தது மாதிரி, சத்தமில்லாமல், முழுசாக. இடி குச்சியை மடியில் வைத்துவிட்டார்.

"இவ்வளவு நாள் இது எங்கய்யா இருந்துச்சு?" என்றார்.

"உங்க மூணு பேருக்கும் பயந்துகிட்டு உள்ள இருந்துச்சு" என்றார் மாஸ்டர். "நில்லு பொண்ணே. இங்கதான் நம்ம வீடு."

வீடு கிடைத்துவிட்டது. ஆனால் சித்திக்கு அந்த வீட்டில் எந்த அறை எங்கே என்று தெரியாது. ஆறு வருடமாகப் பொத்தான் பார்த்துக்கொண்ட வேலையை இப்போது விரல்கள் பார்க்கவேண்டும். முப்பது வருடமாக ஒரே தடத்தில் ஓடிய கை. வெள்ளைக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வரும். கட்டை விரல் போக வேண்டிய இடத்துக்குச் சுண்டு விரல் போகும். மாலை தேநீர் நேரத்துக்குக் கச்சேரி. மத்தியானம் முழுக்க உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு பாட்டு என்றிருந்ததை ஐந்தாகக் குறைத்தார்கள். வேகமாக ஓடும் இடங்களையெல்லாம் சித்தி விட்டுவிட்டாள். பத்து சுரம் வாசித்த இடத்தில் இரண்டு வாசித்தாள். அந்த இடைவெளிகளில் மாஸ்டர் குரலுக்கு இடம் கிடைத்தது. வேகத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். தூண் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கூட வந்தார். அவருக்கு இது ஒன்றும் புதிதில்லை, ஆறு வருடப் பயிற்சி.

மாலையில் கூடத்தில் இருபது முப்பது பேர் இருந்திருப்பார்கள். தேநீர்க் கோப்பைகள், பேச்சு, ஒரு குழந்தையின் அழுகை. மேலாளர் அம்மா சாவிக்கொத்தோடு தூண் ஓரம் நின்றார். நான் சொல்வது கூடத்துத் தூண்.

மாஸ்டர் கையை நீட்டினார். விரல் பழைய இடத்துக்குப் போய், அந்தரத்தில் நின்றது. சித்தி புதுக் கட்டையைத் தன் விரலாலேயே தொட்டுக் காட்டினாள். அவர் அதைத் தட்டினார்.

தொடக்கத்திலேயே சித்தி தப்பு செய்தாள். மூன்றாவது வரியில் விரல் பழைய தடத்துக்குப் போய், காதைக் குத்தும் ஒரு சத்தம். இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். மாஸ்டர் பாட்டை நிறுத்தி மைக்கில், "மன்னிக்கணும். புது வீட்டுக்குக் குடி வந்திருக்கோம். எந்த சுவிட்ச் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார். கூடம் சிரித்தது. சித்தியும் சிரித்துவிட்டாள். சிரித்ததும் தோள் இறங்கியது. தோள் இறங்கியதும் விரல்கள் சொன்னபடி கேட்டன. திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்கினார்கள். இரண்டாவது பாட்டில் பேச்சுச் சத்தம் குறைந்தது. நாலாவது பாட்டில் ஒருவர் தன் நாற்காலியை மேடைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஐந்தும் முடிந்து, இன்னும் ஒன்று கேட்டார்கள். கைவசம் இருந்ததே ஐந்துதான். முதல் பாட்டையே மறுபடி பாடினார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை, அல்லது கண்டுகொண்டும் பரவாயில்லை என்று இருந்துவிட்டார்கள்.

மேலாளர் அம்மா மழுப்பாமல் பேசினார். "ராத்திரி விருந்துக்கெல்லாம் உங்க பாட்டு சரிப்படாது. அங்க ஆடணும், குதிக்கணும். ஆனா சாயங்காலத்துக்கு இதுதான் வேணும். பியானோ இருக்கிற ஓட்டல் மூணு இருக்கு. அந்த மூணுக்கும் வாங்க. மத்ததப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது."

எல்லா ஓட்டல்களையும் எதிர்பார்த்துப் போனவர்களுக்கு மூன்று. இடி மச்சானுக்குப் போன் போட்டு, "டயரெல்லாம் நீயே உருட்டிக்கோ" என்றார்.

மாஸ்டரின் கோபம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் பொய். திரும்பி வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அடுத்த வாரம் முழுக்கச் சித்தியை "மேடம்" என்று கூப்பிட்டார். அது திட்டுவதைவிட மோசம் என்று சித்தி சொன்னாள். எட்டாவது நாளோ என்னவோ, ஒத்திகைக்கு நடுவில் தன்னை மறந்து "பொண்ணே, அந்த இடத்த இன்னொரு தடவ வாசி" என்றார். சித்தி ஒன்றும் கேட்காத மாதிரி வாசித்தாள். அவர் கேட்டதைவிட ஒரு தடவை கூடுதலாகவே வாசித்தாளாம்.

அவள் ஒவ்வொரு பாட்டாகப் புது இடத்தில் கற்றுக்கொண்டாள். வீட்டில் சாப்பாட்டு மேஜை விளிம்பில்கூட விரல் ஓடிக்கொண்டே இருக்கும். "ஐம்பத்து மூணு வயசுல புதுப் பல் முளைக்கிற மாதிரி இருக்கு இவளுக்கு. வலி இருக்கத்தான் செய்யும்" என்றார் சித்தப்பா. வலி உண்மையிலேயே இருந்தது. மணிக்கட்டில் பட்டை போட்டுக்கொண்டாள். அம்மா, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா உனக்கு?" என்று கேட்டபோது, சித்தி, "அக்கா, நான் கடையில நின்னப்ப இப்படித்தான் தினமும் ஏதாவது புதுசா வந்துச்சு. நடுவுல அது நின்னு போயிருந்ததே எனக்குத் தெரியல" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை சித்திக்குப் போன் செய்தேன். மூன்று ஓட்டல்களில் மலைமேல் இருப்பதில் இருந்தாள். விருந்தாளிகள் சாப்பிட வருமுன் ஒத்திகையாம். பின்னால் மாஸ்டர் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்களுடைய பாட்டெல்லாம் தெரியும். இது நான் கேட்டதே இல்லை. என்ன பாட்டு என்று கேட்டேன்.

"நான் சேர்ந்த புதுசுல பாடினது. ரொம்ப மேல போகும்னு பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே மூட்டை கட்டி வெச்சுட்டார். இப்ப எட்டுது. இந்த மாதிரி நெறைய இருக்காம். தினம் காலையில ஒண்ணு ஞாபகம் வந்து கதவத் தட்டறார்."

அதற்குள் பாட்டு நின்றது. மாஸ்டர் குரல் கிட்டத்தில் கேட்டது.

"பொண்ணே, இத ஒரு கட்டை மேல வெச்சுப் பாப்பமா?"

"வேணாம் மாஸ்டர். இங்கதான் நல்லா இருக்கு."

"சும்மா போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

"போனா வரமாட்டீங்க."

"வருவேன். நீதான் பக்கத்துல இருக்கியே, கூட்டிட்டு வந்துடு."

சித்தி என்னிடம், "சரி, அப்பறம் பேசறேன்" என்றாள். போனை எங்கோ வைத்த சத்தம் கேட்டது, அணைக்க மறந்துவிட்டாள். ஒரு கட்டையை யாரோ தட்டினார்கள். தொண்டைக்குள் ஒரு முனகல். பிறகு இருவரும் தொடங்கினார்கள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் நான் போகவில்லை.